தடைக்காலம்

வடசென்னையின் இராயபுரத்தை அடுத்த காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்வளம் பெருகுவதற்காக விதிக்கப்படும் தடைக்காலம் அது. அந்நாள்களில் படகுத் தொழிலாளரின் பங்குத்தொகை நின்றுவிடுகிறது. மீன் விற்கும் பெண்களின் வரவும் சுருங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவருவதும் கல்லூரிச் சேர்க்கை நடைபெறுவதும் அதே காலத்தில்தான்.

அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஆயினும், தேர்வுக் கட்டணமும் நூல்களும் அன்றாடச் செலவும் உண்டு. அவற்றினும் பெரிது, படிக்கும் பிள்ளை ஈட்டாமல் விடும் கூலி. திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்கூடங்களில் கிடைக்கும் நாள்கூலி இன்றே கைக்கு வரும். பட்டத்தின் பயனோ மூன்றாண்டுகள் கழித்தே வரும். கடன்பட்ட குடும்பத்திற்கு இத்தெரிவு எளிதன்று.

இச்சுமையைக் குறைக்கும் புதுமைப் பெண் திட்டம், வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமணத்துக்கு வழங்கப்பட்ட உதவி, உயர்கல்விக்கான உதவியாக மாறியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர், கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1000 ரூபாய் பெறுகின்றனர். 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் வழியே மாணவர்க்கும் இவ்வுதவி வாய்த்தது.

இத்தொகை குடும்பக் கடனைத் தீர்த்துவிடாது. ஆனால், சிறு செலவுகளுக்காகப் படிப்பு நின்றுபோகாமல் காக்கும். குஞ்சு மீனை அள்ளிவிட்டால் நாளைய கடலில் மீன் இராது என்பதை நெய்தல் நிலத்து மக்கள் அறிவர். வலை வீசாமல் காத்திருக்கும் நாள்களே பின்னர்க் கடலை நிறைக்கின்றன. இளையோரின் படிப்புக் காலமும் அத்தகையதே.