வானரம் விலங்கா, மனிதனா? வாலி தொடுத்த வழக்கு



இந்த மாதப் பாடத்துக்கு வானரர்களை எடுத்துக்கொள்வோம். பாசிர் கூடாங்கில் நடக்கும் நம்முடைய ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில், படிவம் மூன்று படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்விதான் இதற்குக் காரணம். "அண்ணே, அனுமார் குரங்கா, மனுஷனா? ஸ்கூல்ல 'ஒங்க சாமி மங்கி'ன்னு சொல்லிச் சிரிக்கிறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

வகுப்பிலேயே மூன்று பதில்கள் வந்துவிட்டன. "வனத்துல வாழ்ந்த நரன், அதான் வானரன். காட்டுல இருந்த மனுஷங்கதான்" என்றார் ஒருவர். இன்னொருவர் கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டி, "ஆதிமனிதன்ணே, 17 லட்சம் வருஷத்துக்கு முன்னால இருந்த இனம்" என்றார். மூன்றாமவர், "சாமி விஷயத்துல இப்படியெல்லாம் கேக்கக் கூடாது" என்று கதவைச் சாத்திவிட்டார்.

மூன்றாவது பதிலிலிருந்தே தொடங்குகிறேன். தாராளமாகக் கேட்கலாம். ஏனென்றால் இந்தக் கேள்வியை இராமாயணமே கேட்கிறது, அதுவும் சாகக் கிடக்கும் ஒருவன் வாயால். அங்கே போவதற்கு முன், இந்த வானரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நூல் சொல்வதைப் பார்த்துவிடுவோம்.

உடம்பு

வால்மீகி இவர்களுக்கு ஒரே பெயரை வைத்துக்கொள்ளவில்லை. வானரம், கபி, ஹரி, பிலவகம், சாகாமிருகம் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார். பிலவகம் என்றால் தாவிச் செல்வது. சாகாமிருகம் என்றால் கிளையில் வாழும் மிருகம். எல்லாமே குரங்குக்கு வழங்கும் வடசொற்கள். இவர்களுக்கு வால் உண்டு, நகமும் பல்லும் ஆயுதம், பழமும் கிழங்கும் தேனும் சாப்பாடு. சண்டை என்றால் மரத்தையும் பாறையையும் பிடுங்கி எறிவார்கள். ஆகவே 'வன நரன்' என்ற பிரிப்பு கேட்க அழகாக இருந்தாலும், நூலுக்குப் பொருந்தவில்லை. வாலை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது?

இந்தச் சங்கடம் பழைய காலத்திலேயே இருந்திருக்கிறது. சமணரான விமலசூரி பிராகிருதத்தில் எழுதிய 'பௌமசரியம்' என்ற இராமகதையில் வானரர்கள் குரங்குகளே அல்ல. வித்தியாதரர் என்னும் உயர்ந்த இனத்தார். குரங்குச் சின்னத்தைக் கொடியில் பொறித்துக்கொண்டதால் அந்தப் பெயர் வந்தது என்று கதை போகிறது. புத்திசாலித்தனமான விளக்கம்தான். ஆனால் அது அவர் நூலுக்குரிய விளக்கம். வால்மீகியோ கம்பரோ அந்தப் பக்கம் போகவில்லை.

நம் ஊரில் குரங்கு பார்க்காதவர் யாரும் இல்லை. கடலோரப் பாக்காவ் காட்டிலிருந்து தாமான் குப்பைத் தொட்டிவரை வந்துபோகும் அந்த நீண்ட வால் குரங்கு, மலாயில் கேரா. அதன் வால் உடம்பைவிட நீளமாக இருக்கும். ஆனால் அதைக் கொண்டு கிளையைப் பற்றித் தொங்க முடியாது. ஓடும்போதும் தாவும்போதும் உடம்பு சாயாமல் இருக்கத்தான் அந்த வால். வாலால் பிடித்துத் தொங்கும் குரங்கெல்லாம் மத்திய, தென்னமெரிக்கக் காடுகளில் உள்ளவை. இராவணன் சபையில் வாலைச் சுருட்டி உயரமான ஆசனம் போட்டு அனுமன் உட்காரும் காட்சியைக் கூத்திலும் டிவியிலும் பார்த்திருப்பீர்கள். வால்மீகியில் அது கிடையாது. அங்கே அவர் பிடிபட்டு நிற்கிறார். குரங்குக்கு வால் என்றால் உயிர் என்று சொல்லி, அவமானப்படுத்துவதற்காகவே அதில் தீ வைக்கச் சொல்கிறான் இராவணன். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தியாவில் அனுமன் பெயராலேயே 'அனுமன் லங்கூர்' என்று ஒரு கருமுகக் குரங்கு உண்டு. அதன் பல கூட்டங்களில் வளர்ந்த ஆண் ஒன்றுதான் தலைவன். வெளியிலிருந்து வரும் ஆண் சண்டையிட்டு ஜெயித்தால் கூட்டம் அதனுடையது. கூட்டம் இல்லாத ஆண்கள் தனியாகச் சேர்ந்து அலையும். இப்போது கிட்கிந்தைக்கு வாங்க. வாலி சுக்ரீவனை விரட்டிவிட்டு அவன் மனைவி உருமையையும் எடுத்துக்கொள்கிறான். சுக்ரீவன் நான்கு துணைவரோடு ருசியமுக மலையில் ஒளிந்து வாழ்கிறான். இந்தக் கதையைச் சொன்னவர்கள் குரங்குக் கூட்டத்தை நின்று பார்த்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வாழ்க்கைமுறை

உடம்பு இப்படி. வாழ்க்கையோ வேறு மாதிரி. கிட்கிந்தை குகைக்குள் இருக்கும் ஊர். ஆனால் அங்கே மாளிகைகள் உண்டு, வீதிகள் உண்டு. அரசன், இளவரசன், அமைச்சர், தூதர் எல்லாரும் உண்டு. வாலி இறந்ததும் அங்கதன் முறைப்படி சிதைக்குத் தீ மூட்டுகிறான். பிறகு சுக்ரீவனுக்கு முடிசூட்டு விழா நடக்கிறது. சீதையைத் தேட நான்கு திசைக்கும் படை அனுப்பும்போது, எந்தத் திசையில் எந்த மலை, எந்த ஆறு என்று சுக்ரீவன் அடுக்கிக்கொண்டே போகிறான். ஒரு மாதம் தவணை. தவணை தவறிப்போன தென்திசைக் கூட்டம் கடற்கரையில் உண்ணாமல் உயிர்விடத் தயாராகிறது. வாக்குக் கொடுத்துத் தவறினால் மானம் போகும் என்று நினைக்கிற இனம் அது. கடலில் அணை கட்டியவன் நளன் என்ற வானரன், விசுவகர்மாவின் மகன்.

இராமரை முதலில் சந்திக்கும்போது அனுமன் துறவி வேடத்தில் வந்து பேசுகிறார். அந்தப் பேச்சைக் கேட்ட இராமர் இலக்குவனிடம், வேதமும் இலக்கணமும் முழுக்கக் கற்காத ஒருவரால் இப்படிப் பேச முடியாது, இவ்வளவு பேசியும் ஒரு சொல்கூடப் பிழையாக வரவில்லை என்கிறார். கம்பர் தந்த 'சொல்லின் செல்வன்' என்ற பட்டம் இந்த இடத்தில் வந்ததுதான். அசோகவனத்தில் இன்னும் நுட்பம். மரத்தில் உட்கார்ந்துகொண்டு அனுமன் யோசிக்கிறார்: கற்றோர் பேசும் வடமொழியில் பேசினால் சீதை என்னை இராவணன் என்று நினைத்து அஞ்சுவாரே, எந்த மொழியில் பேசுவது? யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று இத்தனை தூரம் யோசிப்பவரை நான் வேறு கதையில் பார்த்ததில்லை.

சரி, அப்படியானால் வால் ஒட்டிய மனிதர்கள்தானா? அதுவும் இல்லை. மதுவனத்தில் தேன் குடித்துவிட்டு வானரர்கள் போடும் ஆட்டத்தைப் படியுங்கள், அசல் குரங்குக் கூட்டம். இலங்கை அரண்மனையில் உறங்கும் மண்டோதரியைச் சீதை என்று நினைத்த அனுமன், சந்தோஷத்தில் தோளைத் தட்டி, தன் வாலையே முத்தமிட்டு, தூணில் ஏறிக் குதிக்கிறார். குரங்குக் குணத்தைக் காட்டினார் என்று வால்மீகி வெளிப்படையாகவே சொல்கிறார். அடுத்த நொடி, 'இராமரைப் பிரிந்த சீதை இப்படி நிம்மதியாக உறங்குவாரா?' என்று யோசித்து, இது அவர் இல்லை என்று தெளிகிறார். அதோடு நிற்கவில்லை. உறங்கும் பிறர் மனைவியரைப் பார்த்துவிட்டேனே, இது தவறில்லையா என்று தன்னையே விசாரித்துக்கொள்கிறார். கண் பார்த்தது, மனம் கலங்கவில்லை. புலன்களை நல்வழியிலும் தீயவழியிலும் செலுத்துவது மனம்தான் என்று முடிவுக்கு வருகிறார். சில நிமிட இடைவெளியில் வாலை முத்தமிடும் குரங்கும் மனச்சாட்சியை விசாரிக்கும் அறிஞரும் ஒரே உடம்பில். வால்மீகி இதைத் தெரியாமல் எழுதவில்லை.

ஆதிமனிதன் பதில்

இப்போது அந்தக் கைப்பேசிச் செய்திக்கு வருவோம். மனிதனும் வாலில்லாக் குரங்குகளும் வந்த கிளை, வாலை இழந்து ஏறக்குறைய 2.5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம்மைப் போன்ற மனிதரின் மிகப் பழைய எலும்புகளுக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டு. பக்கத்து நாடான இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில், லியாங் புவா குகையில் 2003ஆம் ஆண்டு தோண்டி எடுத்தார்களே ஒரு குள்ள மனித இனம், சுமார் ஒரு மீட்டர் உயரம், அதற்கும் வால் கிடையாது. வால் உள்ள ஆதிமனிதன் என்று ஒருவன் இருந்ததாக எந்த எலும்பும் சொல்லவில்லை. அறிவியல் பெயரைச் சொல்லி அனுமனுக்குச் சான்றிதழ் வாங்கப் போனால், படித்த நண்பன் ஒரே கேள்வியில் நம்மை மடக்கிவிடுவான். நமக்கு அந்தச் சான்றிதழ் தேவையும் இல்லை.

ஆனால் அறிவியலில் இந்தப் பாடத்துக்கு உதவும் ஒரு செய்தி உண்டு. குரங்கால் ஏன் பேச முடியவில்லை? தொண்டையும் வாயும் பேச்சுக்கு ஏற்றபடி அமையவில்லை என்றுதான் நெடுநாள் சொல்லி வந்தார்கள். 2016இல் ஒரு ஆய்வுக் குழு, நம் கேராவின் இனத்தைச் சேர்ந்த குரங்கு ஒன்றின் தொண்டை அசைவை எக்ஸ்ரே படமாக எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தது. புரியும்படி பேசுவதற்கு அந்தத் தொண்டையே போதும், அதை ஆளும் மூளைதான் இல்லை என்பது அவர்கள் முடிவு. வால்மீகிக்கு இது முன்னமே தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் பழக்கம் நமக்கு வேண்டாம். ஆனால் நம்மைப் பிரித்துக் காட்டுவது வெறும் உடம்பு இல்லை என்பதை யோசிக்க இது நல்ல உதாரணம்.

வழக்கு

மறைந்திருந்து எய்த அம்பு மார்பில் தைத்து வாலி கீழே கிடக்கிறான். வால்மீகியில் அவன் இராமரிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: என் தோலை நல்லவர் உடுத்த மாட்டார்கள், என் இறைச்சியை உண்ண மாட்டார்கள், பிறகு என்னை எதற்குக் கொன்றாய்? இராமர் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார். தம்பி மனைவியை எடுத்துக்கொண்டாய், அது அறம் தவறிய செயல், அதற்குத் தண்டனை என்பது ஒன்று. நீ கிளையில் வாழும் மிருகம், மிருகத்தை அரசர்கள் மறைந்தும் வேட்டையாடுவார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் இடிக்கிறது, இல்லையா? அறத்துக்குக் கட்டுப்பட்டவன் என்றால் வேட்டைப் பொருளாக எப்படி ஆவான்?

கம்பர் இந்த இடத்தில்தான் வழக்கை வேறு மாதிரி நடத்துகிறார். அவருடைய வாலியே சொல்கிறான்: உங்களைப் போல் கற்பும் திருமண முறையும் எங்களுக்கு விதிக்கப்படவில்லை, நாங்கள் குரங்கு, மனம்போல் வாழ்பவர்கள். அதாவது, 'நான் மிருகம், என்னை மனித நியாயத்தில் வைத்துப் பேசாதே' என்கிறான். இராமர் விடவில்லை. அறம் இது, அறம் இல்லாதது இது என்று இவ்வளவு தெளிவாகப் பேசும் நீ எப்படி மிருகம்? முதலை பிடித்தபோது இறைவனை அழைத்த யானை மிருகமா? சீதைக்காக உயிரைக் கொடுத்த சடாயு வெறும் கழுகா? நெறியில் நில்லாவிட்டால் மனிதனும் விலங்கு, நெறியில் நின்றால் விலங்கும் தேவன். இதுதான் கம்பருடைய தீர்ப்பு.

தமிழில் இந்த எண்ணம் இன்னும் பழையது. தொல்காப்பிய மரபியலில் மக்களுக்கு ஆறறிவு. ஆனால் 'மாக்கள்' என்று ஒரு சொல்லை விலங்கோடு சேர்த்து ஐந்தறிவில் வைத்திருக்கிறது. உருவம் மனித உருவம்தான், இடம் மட்டும் வேறு. அதே மரபியல் 'மகவு' என்ற சொல்லை மனிதக் குழந்தைக்கும் கிளைவாழ் குரங்கின் குட்டிக்கும் பொதுவாகக் கொடுத்திருப்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது.

விபீடணன் அடைக்கலம் வரும்போது கம்பரின் இராமர் உறவு எண்ணிச் சொல்வார்: குகனோடு ஐவர் ஆனோம், சுக்ரீவனோடு அறுவர், உன்னோடு எழுவர். வேடர், வானரர், அரக்கர். அந்த வரிசையில் ஆறாவது தம்பிக்கு வால் உண்டு. மலாய் மொழியில் இந்தக் கதையைச் சொன்னவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். 'ஹிக்காயாட் ஸ்ரீ ராமா'வில் அனுமன் இராமனுடைய மகனாகவே பிறக்கிறார்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். "ஆமா, கொரங்குதான்னு சொல்லு. கோபப்படாத. 'அந்தக் கொரங்கு செஞ்சதுல ஏதாவது ஒண்ணு நீயும் நானும் செஞ்சிருக்கோமா?'ன்னு கேளு." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப, நம்ம பசங்க ஃபேக்டரில வேலை செய்யற ஃபாரின்காரங்கள மிருகம் பேரு வச்சுக் கூப்பிடறாங்களே, அது?" என்று கேட்டார். வகுப்பில் சத்தமே இல்லை. கூப்பிட்டவர்களில் இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது கிட்கிந்தா காண்டத்தில் வாலி வதைப் படலத்தைப் படித்து வாருங்கள். உரையுடன் படித்தால் போதும். பாதிப் பேர் வாலிக்கு வக்கீல், பாதிப் பேர் இராமருக்கு. வாலி கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கு, ஏன் மறைந்து நின்று எய்தாய் என்பதற்கு, இராமர் பதில் சொல்லவில்லை, இலக்குவன்தான் சொல்கிறான். நேரில் வந்தால் நீயும் அடைக்கலம் என்று விழுந்துவிடுவாய், முதலில் வந்த உன் தம்பிக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்பது அவன் பதில். எனக்கு அது போதவில்லை. உங்களுக்குப் போதுமா என்று பார்ப்போம்.