குடத்துள் விளக்கும் இணையப் பக்கமும்

குடத்துள் வைத்த விளக்கு ஒளியுடையதாயினும் வழிச் செல்வார்க்குப் பயன்படாது. இணையத்தில் எழுதப்பட்டும் தேடுவோர் கண்ணிற் படாத நற்செய்திகளின் நிலையும் அஃதே. அவற்றைக் குன்றின்மேல் ஏற்றும் வகையை, நம் தாமிரபரணி நாட்டுப் பொருளொன்றைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

சேரன்மாதேவியை அடுத்த பத்தமடையிற் கோரையால் நெய்யப்பெறும் பாய், புவிசார் குறியீடு பெற்ற சிறப்பினது. அதனைப்பற்றி மாணாக்கர் ஒருவர் இணையப் பக்கம் எழுதப் புகுகின்றார் எனக் கொள்க.

தேடுபொறியின் தொழில் மூன்று: இணைப்புக்களின் வழியே சென்று பக்கங்களைப் படித்தல், சொற்களை அட்டவணைப்படுத்தல், கேட்போர் கேள்விக்கேற்ப வரிசைப்படுத்திக் காட்டல். இவற்றை உணர்ந்தோர்க்குப் பின்வருவன எளிதில் விளங்கும்.

முதலாவது, எழுத்து. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதற்குப் புறம்பான பழைய எழுத்துருக்கள் பல, உரோமன் எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவை அமைத்தவை. நம் கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றுவது பொறிக்குப் பொருளற்ற எழுத்துக் குவியலாகும். ஆகவே ஒருங்குறியிலேயே எழுதுக. கட்டுரையைப் படமாக மட்டும் ஒட்டிவிடற்க. படங்களுக்கும் விளக்கச் சொல் தருக.

இரண்டாவது, தலைப்பு. 'எங்கள் ஊரின் பெருமை' என்னுந் தலைப்பு எவ்வூர்க்கும் பொருந்தும். 'பத்தமடை' என்று மட்டும் எழுதினும் போதாது. சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்த ஊரும் அதுவேயாதலின், தேடுவோர் எதனை நாடினர் என்பது விளங்காது. 'பத்தமடைக் கோரைப் பாய்: நெய்யும் முறை' என்பதே தெளிவுடைத்து.

மூன்றாவது, வழக்குச் சொல். நாம் பொருநை என்போம். பிறர் தாமிரபரணி என்று தேடுவர். நாம் நெல்லை என்போம். அயலார் திருநெல்வேலி என்பர். இரு பெயரும் கட்டுரையில் இயல்பாக வருதல் வேண்டும். அதற்காக ஒரே சொல்லைப் பன்முறை அடுக்குதல் தகாது. தேடுபொறிகள் அதனை ஏமாற்றெனக் கருதிப் பக்கத்தைப் பின்தள்ளும்.

நான்காவது, பொருள். பசுங்கோரையை நுண்ணிதிற் கிழித்தல், நீரில் ஊறவைத்தல், சாயமேற்றல், பருத்தி அல்லது பட்டுநூற் பாவில் நெய்தல் ஆகியவற்றை முறையே விளக்கினால், வாங்குவோர் வினாக்களுக்கு விடை அமையும்.

ஐந்தாவது, பிறர் நன்மதிப்பு. 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து லாரி பேஜ், செர்கே பிரின் என்போர், ஒரு பக்கத்தை எத்தகைய பக்கங்கள் சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளக்கும் முறையை வெளியிட்டனர். இன்று வேறு அளவைகள் பல சேர்ந்துள்ளனவேனும், இணைப்பின் பயன் ஒழிந்திலது. இணைப்புத் தருங்கால், 'இங்கே காண்க' என்னாது, காணவிருக்கும் பொருளின் பெயரையே சுட்டுக.

இவற்றாற் பெறும் பயன் சிறிதன்று. நன்றாக நெய்தவர் எழுதாதிருப்பின், நன்றாக எழுதியவரின் நெகிழிப் பாயே வாங்குவோர் கண்ணில் முற்படும், நட்டம் கைத்தொழிலாளர்க்கே. கற்ற மாணாக்கர் தத்தம் ஊர்த் தொழிலொன்றைப்பற்றி உண்மையாகவும் தெளிவாகவும் ஒரு பக்கம் எழுதுவாராயின், அதுவே கல்வியின் பயனாம்.