அச்சாரம் கொடுத்த பின் வீடு வேண்டாம் என்றால்?

வாடகைக்கு வீடு தேடுகிறவர், பார்த்த வீடு கைநழுவிப் போகாதிருக்க ஐயாயிரமோ பத்தாயிரமோ அச்சாரம் கொடுக்கிறார். நான்கு நாள் கழித்து வேலை மாறுகிறது, அல்லது குடும்பத்தில் யாருக்கோ நோய் வருகிறது. வீடு வேண்டாம் என்று சொல்லப் போனால், 'அட்வான்ஸ் திரும்பாது' என்று பதில் வருகிறது. தொழுகையில் பேணுதலுள்ள சிலர்கூட இப்பணத்தைக் கூசாமல் வைத்துக்கொள்வதை நாம் பார்க்கிறோம். அது அவர்களுக்கு ஹலாலா?

முதலில், பேச்சு எந்த நிலையில் நின்றது என்று பார்க்க வேண்டும். இஜாரா என்னும் வாடகை ஒப்பந்தம் ஈஜாப், கபூல் இரண்டும் சேர்ந்தே உண்டாகிறது. ஒருவர் வீடு கேட்கிறார். உரிமையாளரோ, 'மகனிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்று நிறுத்தி வைத்திருக்கிறார். இங்கே கேட்டது உண்டு, ஒப்பியது இல்லை. ஒப்புமுன் கேட்டவர் பின்வாங்கலாம். அவர் கொடுத்திருந்த பணத்தை ஒரு காசும் குறையாமல் திருப்பித் தரவேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 5-ஆவது பிரிவும், ஏற்பு முடிவாகுமுன் கேட்டவர் தம் கோரிக்கையைத் திரும்பப் பெறலாம் என்றே கூறுகிறது.

வாடகை, காலம், குடிபுகும் தேதி எல்லாம் பேசி முடிந்துவிட்டால் விஷயம் வேறு. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் கட்டளையிடுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில், குடியிருப்பவரின் சொந்தக் காரணத்துக்காக இஜாரா முறியாது. ஹனஃபி மத்ஹபில் நியாயமான உத்ர் இருந்தால் முறிக்கலாம். கடை பிடித்த வியாபாரி முதலையே இழந்துவிடுவதை அந்நூல்கள் உதாரணம் காட்டுகின்றன. இதைவிட மலிவான வீடு கிடைத்தது என்பது உத்ர் ஆகாது.

சரி, அச்சாரத்தை உரிமையாளர் எடுத்துக்கொள்ளலாமா? இதற்கு ஃபிக்ஹு நூல்களில் உர்பூன் என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்ததாக முவத்தா, அபூதாவூத், இப்னுமாஜா நூல்களில் ஹதீஸ் வருகிறது. அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென்றாலும், ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ இமாம்கள் கூடாது என்றே கூறினார்கள். கைமாறு எதுவுமின்றிப் பிறர் பொருளை உண்பதாகும் என்பது அவர்கள் வாதம். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் மட்டும் அனுமதித்தார்கள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், மக்காவில் சிறைச்சாலைக்காக ஸஃப்வான் இப்னு உமையாவின் வீட்டை நாஃபிஉ இப்னு அப்துல் ஹாரிஸ் விலை பேசினார். கலீஃபா ஒப்பாவிட்டால் ஸஃப்வானுக்கு நானூறு உண்டு என்பது நிபந்தனை. இதுவே அவர்களுக்கு ஆதாரம். 1993-ல் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், காத்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டால் உர்பூன் கூடும், வாடகைக்கும் அது பொருந்தும் என்று தீர்மானித்தது.

ஆகவே அனுமதித்தவர்களின் சொல்லை எடுத்துக்கொண்டாலும், 'பிறை பத்து வரை வீட்டை உங்களுக்காக வைத்திருப்பேன். வராவிட்டால் இந்த இரண்டாயிரம் எனக்கு' என்று முன்னதாகவே பேசியிருக்க வேண்டும். ஆள் பின்வாங்கிய பிறகு புதிதாகத் தண்டம் விதிக்க இதில் இடமில்லை. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குகிற வழக்கம் உண்டு. அது காலி செய்யும்போது திருப்பித் தரவேண்டிய பணம், அச்சாரமே அல்ல. அதைப் பிடித்துக்கொள்ள உர்பூனைக் காட்டுவது வெறும் சாக்கு. என்ன பேசினோம் என்பதை ரசீதில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டால் பாதி வழக்குகள் ஜமாஅத்துக்கு வராது.

முடிந்த பேரத்தை மறுதரப்பார் வருந்திக் கேட்கும்போது ரத்துச் செய்து கொடுப்பது இகாலா. அப்படிச் செய்பவரின் சறுக்கல்களை அல்லாஹ் மன்னிப்பான் என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் உள்ளது. ஹனஃபி, ஷாஃபிஈ நூல்களின்படி இகாலா பழைய தொகைக்கே நடக்கவேண்டும். வாங்கியதை அப்படியே திருப்ப வேண்டும்.

உரிமையாளரும் இதே கட்டுக்குள் இருக்கிறார். பேசி முடித்த பின், ஆயிரம் ரூபாய் கூடத் தருவதாக வேறொருவர் வந்ததும் முன்னவரிடம் அச்சாரத்தை நீட்டிவிட்டால் தம் பொறுப்பு தீர்ந்தது என்று அவர் நினைப்பது தவறு. பேசிய காலம் வரை அந்த வீட்டின் பயன் முன்னவருக்கே உரியது. அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி இன்னொருவருக்குச் சாவி கொடுக்க முடியாது.