பீரோவில் இருந்த மஞ்சள் பை

என் வயிற்றின் குறுக்கே ஓடும் தழும்பை, "கைக்குழந்தையில குடல் ஆபரேஷன் பண்ணினது" என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். 23 வயதுவரை அதையே நம்பினேன்.

வேலையில் சேரும்போது எடுத்த பரிசோதனையில் பிரஷர் 150/100. மறுபடி பார்த்தார்கள், அதேதான். ஸ்கேன் செய்தவர் கேட்டார்: "இடது கிட்னியை எப்பம்மா எடுத்தாங்க?"

அன்றிரவு அம்மா பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தாள். அதில் இருந்த ஆஸ்பத்திரித் தாள்களின்படி, 11 மாதத்தில் எனக்கு வில்ம்ஸ் கட்டி வந்திருக்கிறது. குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் புற்றுநோய். சிறுநீரகத்தோடு கட்டியை எடுத்துவிட்டு வின்கிறிஸ்டின், ஆக்டினோமைசின் ஊசிகள் போட்டிருக்கிறார்கள். "வெளிய தெரிஞ்சா நாளைக்கு உன்னை யார் கட்டிப்பாங்கன்னு பயந்துட்டேன்டி" என்று அழுதாள்.

அவள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பை 13 வயதில் என் கைக்கு வந்திருந்தால், மாதவிலக்கு வலிக்கென்று பத்து வருடம் மருந்துக்கடையில் மெஃபெனாமிக் ஆசிட் வாங்கி விழுங்கியிருக்க மாட்டேன். அதுவும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவையும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. ஒற்றைச் சிறுநீரகக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, அடிக்கடி நீர்க்கடுப்பால் தவித்ததையும் இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

மிஞ்சிய சிறுநீரகம் சற்றுப் பெரிதாகி இரண்டின் வேலையையும் பார்க்கும். பெரும்பாலோருக்கு அதுவே ஆயுளுக்கும் போதும். சிலருக்கு மட்டும், வருடக்கணக்கில் கூடுதல் சுமை சுமந்த வடிகட்டிகள் தளர்ந்து, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கும். வலியே இருக்காது. என் கிரியாட்டினின் 1.0, லேப் சீட்டில் நார்மல் என்றுதான் இருந்தது. வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் கணக்கிட்டபோது 80 சொச்சம், சிறுநீரிலோ ஆல்புமின். ஆகவே என்னைப் போன்றவர்களே, சீட்டை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். வருடம் ஒருமுறை பிரஷர், இஜிஎஃப்ஆர், சிறுநீரில் ஆல்புமின் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வாந்தி பேதி வந்தால், உடம்பில் நீர் வற்றும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

குழந்தையில் வந்த கட்டி வேறென்றால் மருந்தும் வேறு, தொல்லையும் வேறு. சிஸ்பிளாட்டின் பெற்றவர்களுக்கு மெக்னீசியம் சிறுநீரில் வெளியேறலாம். சைக்ளோஃபாஸ்ஃபமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கலாம். எந்த மருந்து, எவ்வளவு, கதிர்வீச்சு உண்டா என்று எழுதிய தாள் இல்லாமல் டாக்டர் எதைத் தேடுவார்?

கசிவைக் குறைக்க நான் சாப்பிடும் பிரஷர் மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடிய வகை. கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். அடுத்த செக்கப்புக்கு அவரும் வந்து, மாத்திரையை எப்போது மாற்ற வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டார்.

மஞ்சள் பை இப்போது ஹாலில், ரேஷன் கார்டு வைக்கும் இழுப்பறையில் இருக்கிறது. அம்மாதான் மாற்றி வைத்தாள்.