மீட்டர் சொல்லாத கணக்கு: டியூனரும் கேபிள் இழப்பும்

5 வாட் என்பது சைக்கிள் டைனமோ விளக்கின் சக்தியோடு ஒப்பிடக்கூடிய அளவுதான். அதை வைத்துக்கொண்டு இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டு மணலில் இருந்து ஐரோப்பாவோடு மோர்ஸில் பேச முடியும். ஆனால் அந்த 5 வாட்டும் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பையில் ரேடியோ, பேட்டரி, கம்பி, கோஆக்ஸ் கேபிள், சின்ன டியூனர் என்று அங்குள்ள நுரைச்சோலைக் கரைக்குக் கிளம்பும் ஹாம்கள் (பொழுதுபோக்கு வானொலியாளர்கள்) மீட்டர் முள்ளையே கவனிக்கிறார்கள். கேபிளுக்குள் எவ்வளவு தொலைகிறது என்று கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு.

இது வெறும் பொழுதுபோக்குக் கணக்கு இல்லை. 2004 டிசம்பர் 26இல் சுனாமியால் தென்கரையின் தொலைபேசிகள் ஊமையானபோது அம்பாந்தோட்டையையும் கொழும்பையும் இணைத்தது இலங்கை ஹாம்களின் சிற்றலை வானொலி. அந்தமானில் இந்திய ஹாம் பாரதி பிரசாத்தின் குழுவும் அதே நாட்களில் அதே வேலையைச் செய்தது. பேட்டரியில் ஓடும் நிலையத்துக்கு ஒவ்வொரு வாட்டும் பெறுமதியானது. அதைத் தொலைக்க வைக்கும் தவறான நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: டியூனர் எஸ்டபிள்யூஆரை (பொருத்தமின்மையைக் காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) இறக்கிவிட்டால் கேபிள் இழப்பும் போய்விடும்.

"நானா, டியூனர் ஒண்டுக்கு ஒண்டு காட்டுது. இனி என்ன பிரச்சினை?" என்று புத்தளத்துத் தம்பிமார் கேட்பார்கள். பிரச்சினை இருந்த இடத்திலேயே இருக்கிறது தம்பி, மீட்டருக்குத்தான் அது தெரியவில்லை. ரேடியோவின் பக்கத்தில் வைத்த டியூனர், ரேடியோவுக்கு 50 ஓம் காட்டுகிறது. அதன் வேலை அவ்வளவுதான். டியூனருக்கு அப்பால் ஆன்டெனா வரை ஓடும் கேபிளில் எஸ்டபிள்யூஆர் முன்பு எவ்வளவோ இப்போதும் அவ்வளவே.

எண்களில் பாருங்கள். ஆர்ஜி-58 கேபிள் 15 மீட்டர், 14 மெகாஹெர்ட்ஸ். ஆன்டெனா சரியாகப் பொருந்தியிருந்தால் இழப்பு சுமார் 0.85 டெசிபல், 5 வாட்டில் 4.1 வாட் மேலே போகும். ஆன்டெனா முனையில் எஸ்டபிள்யூஆர் 3 என்றால் இழப்பு 1.3 டெசிபல், 3.7 வாட் போகும். இதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம். எஸ்டபிள்யூஆர் 10 ஆனால் இழப்பு 3 டெசிபலைத் தொடும். பாதிச் சக்தி கேபிளைச் சூடாக்கவே போய்விடும். சுமக்க இலகு என்று பலர் விரும்பும் மெல்லிய ஆர்ஜி-174இல் 10 மீட்டரே போதும், அதே எஸ்டபிள்யூஆரில் 2 வாட்டுக்கும் குறைவாகத்தான் ஆன்டெனாவைச் சேரும்.

மிக மோசமான நிலை நம் ஆட்கள் அடிக்கடி செய்வதில்தான் வருகிறது. 7 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய 20 மீட்டர் டைபோலைக் கட்டிவிட்டு, அதையே கோஆக்ஸ் வழியாக 14 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுவது. அந்த அலைவரிசையில் டைபோலின் நடுவே சில ஆயிரம் ஓம் நிற்கும். எஸ்டபிள்யூஆர் 80ஐ எட்டலாம். நல்ல டியூனர் என்றால் அதையும் மடக்கி ஒண்டுக்கு ஒண்டு காட்டிவிடும். ஆன்டெனாவுக்குப் போவது கிட்டத்தட்ட அரை வாட். முள் மட்டும் சுத்தமாக இருக்கும்.

அதே டியூனரை ஆன்டெனாவின் அடியில் வைத்தால் கதை வேறு. பொருத்தம் அங்கேயே நடந்துவிடுவதால் கேபிள் தன் இயல்பான இழப்போடு நின்றுவிடும். தானாக இயங்கும் சிறிய டியூனர்கள் பேட்டரியோடு மழைக்கவசப் பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. அதைவிட எளிய வழியும் உண்டு: கேபிளையே விட்டுவிடுவது. ஃபைபர் தூண்டில் கம்பத்தில் ஏற்றிய கம்பியின் நுனியை டியூனரில் நேரே சொருகி, கம்பத்தடியிலேயே பாயை விரித்து உட்காருங்கள். இடையில் 2 மீட்டர் கோஆக்ஸ் தேவைப்பட்டாலும், எஸ்டபிள்யூஆர் 10இல்கூட இழப்பு அரை டெசிபல் அளவுதான்.

நம்பிக்கை: திரும்பி வரும் சக்தி முழுவதும் நட்டம்.

இது முதல் நம்பிக்கையின் மறுகோடி. திரும்பி வரும் அலை டியூனரில் பட்டு மறுபடி ஆன்டெனா நோக்கியே போகிறது. நட்டம் அது கேபிளைக் கடக்கும் ஒவ்வொரு பயணத்திலும் ஏற்படும் தேய்மானம் மட்டுமே. கேபிளின் சொந்த இழப்பு மிகக் குறைவாக இருந்தால் எஸ்டபிள்யூஆர் கூடினாலும் பெரிதாக எதுவும் போகாது. அமெரிக்க ஹாம் வால்டர் மேக்ஸ்வெல் 1973 முதல் க்யூஎஸ்டி இதழில் தொடராக எழுதி விளக்கியது இதைத்தான்; ஐம்பது ஆண்டு கடந்தும் பலர் காதில் அது விழவில்லை.

ஏணிக் கம்பி (இணையாக ஓடும் இரு கம்பிகள்) இன்னும் மதிக்கப்படுவது இதனால்தான். மேலே சொன்ன 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு 15 மீட்டர் ஏணிக் கம்பியைப் பூட்டினால், 14 மெகாஹெர்ட்ஸில் இழப்பு அரை டெசிபலைத் தாண்டாது. டியூனர் ரேடியோவின் பக்கத்திலேயே இருக்கலாம். இடையில், ஏணிக் கம்பியை டியூனரோடு இணைக்க ஒரு பேலன் வேண்டும். கூரைகளில் கழற்றிப் போட்ட பழைய டிவி ஆன்டெனாக்களின் 300 ஓம் பட்டைக் கம்பியும் உதவும். ஆனால் நுரைச்சோலைக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் உப்புத் தூவானம் பட்டையில் படிந்து ஈரம் பிடித்தால், காகிதத்தில் பார்த்த எண் செல்லாது. நன்னீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட வேண்டும்.

நம்பிக்கை: எஸ்டபிள்யூஆர் 1 என்றால் ஆன்டெனா நல்லது.

சக்தியை வெறும் வெப்பமாக்கும் 50 ஓம் டம்மி லோடும் 1தான் காட்டும். அதனால் யாரோடும் பேச முடியாது. கரையோரத்தில் இந்த மயக்கம் நிலத்தின் வழியாக வருகிறது. கால் அலைநீளச் செங்குத்துக் கம்பி, நல்ல தரை கிடைத்தால், சுமார் 36 ஓம் காட்டும், எஸ்டபிள்யூஆர் 1.4. தரையில் 14 ஓம் வீணானால் மொத்தம் 50 ஓம் ஆகி முள் 1க்கு வந்து நிற்கும். சக்தியில் கால் பங்குக்கு மேல் மணலுக்குள் போய்க்கொண்டிருக்கும். அடியிலிருந்து தரையில் விரிக்கும் ரேடியல் கம்பிகளைக் கூட்டக் கூட்ட எஸ்டபிள்யூஆர் ஏறினால் பயப்படாதீர்கள்; மணல் விழுங்கியது குறைகிறது என்றுதான் அதற்குப் பொருள்.

கடல் பக்கத்தில் இருக்கிறதே, தரை தானாக நன்றாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். கடல்நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 5 சீமன்ஸ். உலர் மணலுக்கு அதன் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. நுரைச்சோலையின் மிளகாய், வெங்காயத் தோட்டங்களில் சில மீட்டர் தோண்டினால் கிணற்று நீர் வருகிறது, ஆனால் அது நன்னீர், கடலுக்கு ஈடாகாது. எனவே மணல்மேட்டின் உச்சியை விட்டு இறங்கி, ஈர மணலின் ஓரத்துக்கு வாருங்கள். நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் கம்பத்தை அடிக்கடி நகர்த்த வேண்டியதில்லை. ரேடியல்களைத் தண்ணீர் நோக்கி விரியுங்கள். கடல்மேல் தாழ்ந்த கோணத்தில் போகும் அலையால் கிடைக்கும் ஆதாயத்தை எந்த டியூனரும் தராது.

நம்பிக்கை: டியூனருக்குள் இழப்பே இல்லை.

உண்டு. டி-வடிவச் சுற்றுள்ள சிறு டியூனர்கள், தாழ்ந்த அலைவரிசையில் குறைந்த ஓம் காட்டும் குட்டைக் கம்பியைப் பொருத்தும்போது சக்தியில் நல்லதொரு பங்கைத் தம் சுருளிலேயே எரித்துவிடும். 5 வாட்டில் பெட்டி தொட்டால் சுடாது, அதனால் தெரியாது. எல்-வடிவச் சுற்று பெரும்பாலும் சிக்கனமானது.

நம்பிக்கை: நன்றாகக் கேட்கிறது, ஆகவே நன்றாகப் போகும்.

சிற்றலையில் வானத்து இரைச்சல் ரேடியோவின் உள் இரைச்சலைவிட மிக அதிகம். கேபிள் 6 டெசிபலை விழுங்கினால் நிலையமும் இரைச்சலும் சேர்ந்தே இறங்கும். காதுக்கு வேறுபாடு தெரியாது. அனுப்பும்போது அப்படியில்லை, 5 வாட் 1.25 வாட்டாகிவிடும். நுரைச்சோலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. லக்விஜய அனல் மின்நிலையத்தின் முதல் அலகு 2011இலும் மூன்றாவது 2014இலும் இயங்கத் தொடங்கின. 900 மெகாவாட்டைச் சுமந்து உயரழுத்தக் கம்பிகள் உள்நாடு நோக்கிப் போகின்றன. உப்புப் படிந்த இன்சுலேட்டர்களின் கரகரப்பு அலைவரிசையை நிரப்பும் நாளில் டியூனர் ஒன்றும் செய்யாது. கம்பிகளை விட்டுத் தள்ளிப் போக வேண்டியதுதான்.

டியூனரை இடம் மாற்றுவதால் உண்மையில் எவ்வளவு கூடுதலாகப் போகிறது என்று அறிய ஒரு வழி உண்டு. ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கில் உலகெங்கும் உள்ள தானியங்கி ரிசீவர்கள் மோர்ஸ் அழைப்புகளைக் கேட்டு, சமிக்ஞை இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்று டெசிபலில் பதிவுசெய்கின்றன. டியூனரை ரேடியோவின் பக்கத்தில் வைத்து அழையுங்கள். பிறகு அதைக் கம்பத்தடிக்கு மாற்றி அழையுங்கள். வானொலி அலையின் பலம் ஏறி இறங்கும் என்பதால் மாற்றி மாற்றிப் பல முறை செய்து, ஒரே ரிசீவர் தந்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்.