24 தீக்குச்சிகள்



இந்த இதழின் பாடத்துக்கு ஒரு தீப்பெட்டி வேணும். அதிலிருந்து 24 குச்சிகளை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 24 மணித்தியாலம். ஒரு குச்சி ஒரு மணித்தியாலம். வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து செய்தால் நல்லது.

சில காலத்துக்கு முன் ஒரு தோட்டத்தில் பெற்றோர் கூட்டத்துக்காக பிள்ளைக்காம்பராவில் கூடியிருந்தோம். அங்கே ஒரு தம்பதியை முன்னுக்கு அழைத்து, “நேற்றைய நாளை இந்தக் குச்சியில் வைத்துக் காட்டுங்க” என்று கேட்டோம்.

அந்த அக்கா முதலில் வைத்தார். நித்திரைக்கு 6 குச்சி. மலைக்குப் போய், மூன்று தடவை கொழுந்து நிறுத்து, திரும்பி வர 10 குச்சி. விடியக்காலை 4 மணிக்கு எழும்பி தண்ணி பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை வெளிக்கிடுத்தியதும், பின்னேரம் வந்து விறகு, சமையல், துணி, பாத்திரம் பார்த்ததும் சேர்த்து 7 குச்சி. மிச்சம் கையில் ஒன்றே ஒன்று. அதையும் பார்த்துவிட்டு, “இது சாப்பிட்ட நேரங்க ஐயா” என்றார்.

அடுத்து கணவர். நித்திரைக்கு 8. அன்றைக்கு அவருக்குக் கான் வெட்டு. அளந்து கொடுத்த வேலை, 2 மணிக்கு முடிந்துவிட்டது. அதற்கு 7. மரக்கறித் தோட்டத்துக்கு 2. கையில் மிச்சம் 7 குச்சி. அவரே எண்ணிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டார். “நான் ஒன்னும் செய்யச் சொல்லலீங்க, அதுவா செய்யுது” என்றார்.

கூட்டத்தில் சிரிப்பு. பின்வரிசையில் இருந்த ஒரு அம்மாயி மட்டும் சிரிக்கவில்லை. “சொல்லவே தேவையில்லாத அளவுக்குப் பழக்கி வச்சிருக்கோம் தம்பி” என்றார்.

எங்கள் பாடம் அந்த வார்த்தையில்தான் தொடங்குகிறது. யார் பழக்கினது? எப்படிப் பழக்கினது?

படம் சொல்லித் தரும் பாடம்

பழக்கம் தாய் தகப்பனிடமிருந்து வருகிறது. அதுக்கு அடுத்தபடி எங்கள் லயங்களில் பெரிய வாத்தியார் சினிமாதான். அன்று திருவிழாவுக்குத் திரை கட்டிப் போட்டார்கள், பிறகு வாடகைக்கு டெக் எடுத்துப் பார்த்தோம், இன்று கைத்தொலைபேசியில் பார்க்கிறோம். படம் பார்ப்பதில் பிழை இல்லை. அது என்ன சொல்லித் தருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1999ல் வந்த ‘படையப்பா’வை பார்க்காதவர்கள் குறைவு. அதில் இரண்டு பெண்கள். நீலாம்பரி படித்தவள், நினைத்ததை வாய்விட்டுச் சொல்கிறவள், கர்வக்காரி. வசுந்தரா அவள் வீட்டில் வேலை செய்யும் அடக்கமான பெண். நாயகன் வசுந்தராவைக் கட்டுகிறார். நீலாம்பரி அழிந்து போகிறாள். நீலாம்பரி கெடுதல் செய்தது உண்மை. ஆனால் படம் பார்த்துவிட்டு வருகிற சின்னப் புள்ளையின் மனதில் என்ன தங்குகிறது? வாயைத் திறக்காத பொம்பளைக்கு நல்ல வாழ்வு, வாய் திறந்தவளுக்குக் கேடு. இதே கதையை எத்தனையோ படங்களில் பார்த்துவிட்டோம்.

வேறு மாதிரியும் படங்கள் உண்டு. 1973ல் முத்துராமனும் ஜெயலலிதாவும் நடித்த ‘சூரியகாந்தி’யில், மனைவி கூடச் சம்பாதிப்பதைத் தாங்க முடியாத கணவனின் மனதைக் காட்டினார்கள். 2021ல் மலையாளத்திலும் 2023ல் தமிழிலும் வந்த ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ பெரும்பகுதி ஒரு குசினிக்குள்ளேயே நடக்கிறது. அரைப்பது, அவிப்பது, கழுவுவது, துடைப்பது. படம் பார்க்கிற எங்களுக்கே அலுத்துப் போகிறது. அப்படியானால் அதை வாழ்நாள் முழுக்கச் செய்கிறவளுக்கு எப்படி இருக்கும்? அந்தப் பெண் கடைசியில் அந்த வீட்டை விட்டே வெளியேறுகிறாள்.

வீட்டை விட்டுப் போகும்படி நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. அவள் போகும் வரைக்கும் அந்த வீட்டு ஆம்பிளைகளில் ஒருத்தரும் ஒரு கோப்பையைக் கழுவவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மலைக்கு வந்த சமத்துவம் அடுப்படிக்கு வந்ததா?

ஒரு காலத்தில் தோட்டத்தில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்று சட்டப்படியே இருந்தது. கொழுந்தெடுத்து தோட்டத்தைத் தூக்கி நிறுத்தியது பெண்கள். ஆனால் பேருக்குக் குறைந்த காசு. 1984ல் தொழிற்சங்கங்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் ஆண் பெண் இருவருக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. பிரசவச் சகாயத்திலும் மூன்றாவது பிள்ளைக்கு லீவு குறைவாக இருந்தது. 2018ல் சட்டத்தைத் திருத்தி, எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் என்று ஆக்கினார்கள்.

இதெல்லாம் நல்ல காரியம். ஆனால் சட்டம் மடுவம் வரைக்கும் வரும். லயத்துக் கதவைத் திறந்து உள்ளே வந்து, “அண்ணே, இன்றைக்கு நீங்கள் தண்ணி பிடியுங்க” என்று சொல்லாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

இன்று ‘பெண்ணியம்’ என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்குக் கோபம் வருகிறது. அது பட்டணத்துப் பேச்சு, வெள்ளைக்காரன் நாட்டுச் சரக்கு என்கிறார்கள். பெண்ணும் முழு மனிதர், அவள் உழைப்புக்கும் கணக்கு உண்டு, ஓய்வுக்கும் உரிமை உண்டு என்பதுதான் அதன் பொருள். இது மலையகத்துக்குப் புதிதும் அல்ல. 1930களில் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய், பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்து, தொழிலாளர் உரிமையைப் பேசினார். பெண்கள் உரிமை பற்றி எழுதவும் செய்தார். துரைமாரின் அனுமதியில்லாமல் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைப்பதே கஷ்டமான காலம் அது. வாய் திறந்த அந்தப் பெண்ணால் யாருக்கும் கேடு வரவில்லை. நன்மைதான் வந்தது.

எங்கள் பிழையும் உண்டு

மற்றவர்களுக்குப் பாடம் சொல்கிற நாங்களும் சுத்தம் என்று சொல்ல முடியாது. படிவம் நிரப்பும்போது ‘குடும்பத் தலைவர்’ என்ற இடம் வந்தால், கேட்காமலே ஆணின் பெயரை எழுதிவிடுவோம். மூன்று பிள்ளைகளைத் தனியாக உழைத்து வளர்க்கிற ஒரு தாயின் வீட்டில், ஊரிலேயே இல்லாத கணவரின் பெயரை ஒரு தடவை எழுதினோம். அந்தத் தாய், “அவரு வந்து நாலு வருஷமாச்சுங்க. அடுப்புல உலை வைக்கிறது நான்தான்” என்று மெதுவாகச் சொன்ன பிறகுதான் பேனாவை நிறுத்தினோம். அன்றிலிருந்து கேட்டுத்தான் எழுதுகிறோம்.

ஒரு சின்னப் புள்ளையின் குச்சிகள்

அந்தக் கூட்டத்துக்குத் திரும்பவும் வருவோம். முடியப் போகிற நேரத்தில் ஒரு தங்கச்சி எழும்பி, “நானும் வைக்கட்டுமா?” என்று கேட்டாள். சாதாரணதரப் பரீட்சை எழுத வேண்டிய வருடம். தண்ணி, கூட்டுறது, தம்பியைப் பார்க்கிறது என்று 5 குச்சி வைத்தாள். படிப்புக்கு 1. அவளுக்கு ஒரு வயது மூத்த அண்ணன் வீட்டு வேலைக்கு ஒரு குச்சியும் வைக்கவில்லை. அவனுடைய படிப்புக்கு 3, கிரிக்கட்டுக்கு 2.

அம்மாவுக்கு முடியாத நாட்களில் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் நிற்பது அவள்தான். அந்தத் தகப்பன் அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தவர், அப்போது தலையைக் குனிந்துகொண்டார். தாயிடமிருந்து எடுத்த ஓய்வு மகளிடமிருந்து படிப்பையும் எடுக்கிறது. “அதுவா செய்யுது” என்ற பேச்சின் விலை இவ்வளவு.

பிறகு அந்தத் தகப்பன் தன் கையில் மிச்சமிருந்த குச்சிகளில் 2ஐ எடுத்து மகளின் பக்கம் வைத்தார். அண்ணன்காரனும் ஒன்றை வைத்தான். அடுத்த மாதம் நாங்கள் போனபோது, பீலிக்கரையில் அந்தத் தகப்பன் குடத்தோடு நின்றார். பக்கத்து லயத்து ஆம்பிளைகள் கேலி பண்ணினார்கள். “கொழுந்துக்கூடை தூக்குறவளுக்கு நான் குடம் தூக்கினா தேய்ஞ்சா போயிருவேன்?” என்றார் அவர். தங்கச்சி அந்த மாதம் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவில்லை.

வீட்டில் செய்து பார்க்க

1. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் நேற்றைய நாளை 24 குச்சியில் வைத்துக் காட்டுங்கள். யாரிடம் மிச்சம் கூட? யாரிடம் ஒன்றுமே இல்லை?

2. மிச்சம் உள்ளவர், இல்லாதவருக்கு எத்தனை குச்சி கொடுக்கலாம்? எந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம்? பேரைச் சொல்லி முடிவு செய்யுங்கள்.

3. மகனுக்கும் மகளுக்கும் வீட்டு வேலை ஒரே அளவா? படிக்கிற நேரம் ஒரே அளவா?

4. கடைசியாகப் பார்த்த படத்தில் வீட்டு வேலை செய்தது யார்? எதிர்த்துப் பேசிய பெண்ணுக்குக் கடைசியில் என்ன நடந்தது? பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

மாதர் சங்கக் கூட்டத்தில் மட்டும் இதைச் செய்தால் போதாது. ஆம்பிளைகளும் உட்கார வேண்டும், ஏனென்றால் மிச்சக் குச்சி அவர்கள் கையில்தான் இருக்கிறது.