படகு எஞ்சினில் வலிமையும் சிக்கனமும்

நமது மாநிலத்தின் கடற்கரை திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிக் கன்னியாகுமரி மாவட்டம் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. வயலுக்கு நீர் இறைக்கும் பம்பு செட்டு உழவருக்கு எத்தகையதோ, படகின் பின்புறத்தில் மாட்டும் எஞ்சின் மீனவருக்கு அத்தகையது. இரண்டையும் வாங்கும்போது எழும் முதற் கேள்வி ஒன்றே: எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?

பெரிதாக இருந்தால் நல்லது என்பது பலருடைய விடை. சிறிதாக இருந்தால் சிக்கனம் என்பது வேறு சிலருடைய விடை. இவ்விரண்டும் முழு உண்மையல்ல. வலிமைக்கும் எரிபொருட் செலவுக்கும் உள்ள தொடர்பை அறிந்து முடிவு செய்தால், படகு வைத்திருப்பவருக்கும் அதில் தொழில் செய்பவருக்கும் பெரும் நன்மை உண்டாகும். அத்தொடர்பை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

எஞ்சின் வளர்ந்த வரலாறு

படகின் பின்பலகையில் மாட்டி, வேண்டும்போது கழற்றி வைக்கக்கூடிய வெளிப்பொருத்து எஞ்சினை விற்பனையில் பரவச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஓலே எவின்ரூட் என்பவர். அமெரிக்க நாட்டின் மில்வாக்கி நகரில் 1909-ஆம் ஆண்டில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சின் ஒன்றரைக் குதிரைத்திறனே உடையது. நூற்றுப்பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2021-இல், அதே நாட்டில் 600 குதிரைத்திறன் உள்ள வெளிப்பொருத்து எஞ்சின் வெளிவந்தது.

நம் பகுதியில் இவ்வளர்ச்சி படிப்படியாக நிகழ்ந்தது. அண்டை மாநிலமான கேரளத்தில் 1980-களில் வெளிப்பொருத்து எஞ்சின்கள் விரைவாகப் பெருகின. ரிங் சீன் என்னும் பெரிய வளைப்பு வலை வந்தபின், ஒரே வள்ளத்தில் 40 குதிரைத்திறன் வரையுள்ள எஞ்சின்களை இரண்டு மூன்றாகப் பூட்டும் வழக்கமும் உண்டாயிற்று. நமது கரையிலோ 2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்கள் பலவற்றின் இடத்தை எஞ்சின் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் பெற்றன. பாயும் துடுப்பும் எரிபொருள் கேட்பதில்லை. எஞ்சின் நாள்தோறும் கேட்கிறது. ஆகவே சிக்கனம் பற்றிய எண்ணம் அன்று முதல் இன்றியமையாததாயிற்று.

வேகத்தின் விலை

நீரில் செல்லும் படகை நீர் எதிர்க்கிறது. வேகம் கூடக் கூட அந்த எதிர்ப்பு மிக விரைவாக வளருகிறது. நீரைப் பிளந்து செல்லும் சாதாரணப் படகுக்குத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி உயரும் என்பது பொது விதி. வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்காக வேண்டும். மாறாக, வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், தேவையான திறன் நூற்றுக்கு 27 பங்கு குறைகிறது. பயணம் சற்று நீளுவதையும் கணக்கிற் கொண்டால், அதே தூரத்திற்கு ஆகும் எரிபொருளில் நூற்றுக்கு 19 பங்கு மிச்சமாகிறது.

இதை ஒரு கணக்கால் விளக்குவோம். கடலில் தூரத்தைக் கடல் மைலாலும் வேகத்தை நாட் என்னும் அளவாலும் குறிப்பர். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் செல்வது ஒரு நாட். மீன்பிடிக்கும் இடம் கரையிலிருந்து 10 கடல் மைல் எனக் கொள்வோம். போகவும் வரவும் 20 கடல் மைல். 5 நாட் வேகத்திற்கு ஒரு படகுக்கு 5 குதிரைத்திறன் தேவை என்றும், அதன் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை லிட்டர் எரிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

5 நாட் வேகத்தில்: பயண நேரம் 4 மணி, எரிபொருள் 10 லிட்டர்.
6 நாட் வேகத்தில்: பயண நேரம் 3 மணி 20 நிமிடம், எரிபொருள் 14.4 லிட்டர்.
7 நாட் வேகத்தில்: பயண நேரம் ஏறக்குறைய 2 மணி 51 நிமிடம், எரிபொருள் 19.6 லிட்டர்.

5 நாட்டிலிருந்து 7 நாட்டுக்கு உயர்ந்தவர் மிச்சம் பிடித்தது ஒரு மணி 9 நிமிடம்; கூடுதலாக எரித்தது 9.6 லிட்டர். மாதத்தில் 20 நாள் கடலுக்குச் சென்றால் இது 192 லிட்டராகிறது. உண்மை நிலை இதனினும் கடுமையாக இருக்கலாம். ஏனெனில், ஒவ்வொரு படகுக்கும் அதன் நீளத்தை ஒட்டி ஒரு வேக வரம்பு உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளம் 25 அடியாயின், அவ்வரம்பு ஏறக்குறைய 6.7 நாட். கனமான படகை அவ்வரம்புக்கு அப்பால் துரத்தினால், படகு தானே எழுப்பிய அலையின்மேல் ஏற முயன்று எரிபொருளை விழுங்குமேயன்றி வேகம் அதிகம் கூடாது. அத்தகைய படகுக்கு 5 நாட்டை ஒட்டிய வேகமே சிக்கனமானது.

பெரிய எஞ்சின்களின் இயல்பு

எழும்பிச் செல்லும் படகுகளுக்கு வேறு கணக்கு உண்டு. காவல் படகு, மீட்புப் படகு போன்ற இலேசான விரைவுப் படகுகள் 100, 200, 300 குதிரைத்திறன் எஞ்சின்களைப் பூட்டியவை. இவை மெதுவாகச் செல்லும்போது நீரைப் பிளந்தே செல்கின்றன. அப்போது ஒரு மைலுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. வேகம் கூடும்போது முகப்பு மேலே தூக்கி, பின்பகுதி அமிழ்ந்து, படகு மேடேறுவது போல் திணறும் கட்டம் ஒன்று வரும். அதிக எரிபொருள் வீணாவது அக்கட்டத்தில்தான். அதைக் கடந்து, படகு நீரின் மேற்பரப்பில் தட்டையாக வழுக்கத் தொடங்கியதும் மைலுக்கு ஆகும் செலவு மீண்டும் குறைகிறது. ஆனால் விசையை முழுதும் திறந்துவிட்டால் செலவு மறுபடியும் ஏறிவிடும். 150 குதிரைத்திறன் எஞ்சின் முழு விசையில் மணிக்கு 50 முதல் 60 லிட்டர் வரையிலும், 300 குதிரைத்திறன் எஞ்சின் ஏறக்குறைய 100 லிட்டரும் பெட்ரோல் குடிக்கும்.

ஆகவே இத்தகைய படகை ஓட்டுவோர் நினைவிற் கொள்ள வேண்டியது: ஒன்று மெதுவாகச் செல்லுதல், அன்றேல் நன்றாக எழும்பியபின், எஞ்சினின் உச்சச் சுழற்சிக்கு மூன்றில் இரு பங்கை ஒட்டிய நிலையில் செல்லுதல். இரண்டுக்கும் நடுவே திணறிக்கொண்டு செல்வது நட்டம். வலையும் மீனும் ஐஸும் ஏற்றிய மீன்பிடி படகு இவ்வாறு எழும்புவது அரிது. விரைவுப் படகைப் பார்த்து மீன்பிடி படகுக்கும் பெரிய எஞ்சின் பூட்டுவதால், அந்தத் திணறும் கட்டத்திலேயே நாள் முழுதும் செல்ல நேரிடும்.

சிறிய எஞ்சினும் குறையற்றதன்று

சிறிய எஞ்சினை எப்போதும் முழு விசையில் வருத்தி ஓட்டுவதும் சிக்கனமன்று. அது விரைவில் தேய்கிறது. பழுதுச் செலவு கூடுகிறது. எதிர்க்காற்று, நீரோட்டம், கரையுடைக்கும் அலை ஆகியவற்றின்போது கைவசம் மிச்ச வலிமை இல்லாமற் போகிறது. புயல் எச்சரிக்கை வந்த நேரத்தில் அம்மிச்ச வலிமை உயிரைக் காப்பது. வழக்கமான வேகத்திற்கு எஞ்சினின் திறனில் முக்கால் பங்குக்குள் போதுமாயிருக்கும்படி தேர்ந்தெடுத்தலே தகுந்த அளவு. எஞ்சினில் உள்ள வலிமை வேறு, நாம் செலவிடும் வலிமை வேறு. பெரிய எஞ்சினை அடக்கி ஓட்டுபவர், சிறிய எஞ்சினைத் துரத்துபவரினும் குறைவாக எரிக்கக்கூடும். விசைப்பிடியைத் திருகும் கையே செலவைத் தீர்மானிக்கிறது.

எனினும் பெரிய எஞ்சினுக்கு வேறு செலவுகள் உண்டு. அதன் விலையும், விலைக்கான கடன் வட்டியும், எடையும் மிகுதி. பின்பலகையில் எடை கூடினால் படகின் பின்பகுதி அமிழ்ந்து நீரின் எதிர்ப்பு உயரும். படகைக் கட்டியவர் குறித்த வரம்புக்கு மேற்பட்ட எஞ்சினை மாட்டினால் பின்பலகை பிளந்து விபத்து நேரவும் கூடும்.

எஞ்சினின் வகையும் உந்து விசிறியும்

பழைய முறை இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில், எரிந்த புகையை வெளியே தள்ளுவதற்குப் புதிய எரிபொருட் கலவையே பயன்படுகிறது. அதனால் கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு கடலுக்குப் போய்விடுகிறது. இந்த இழப்பு கால் பங்கு வரையும் இருக்கக்கூடும். இவ்வகை எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டரும், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டரும், டீசல் எஞ்சின் ஏறக்குறைய கால் லிட்டரும் எரிக்கும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் இலேசானது, விலை குறைந்தது, பழுது பார்க்க எளியது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் கனமும் விலையும் மிகுந்தது. நாள்தோறும் நெடுந்தூரம் செல்பவருக்கு மிச்சமாகும் எரிபொருள் அவ்விலை வேறுபாட்டை ஈடுசெய்யும். கரையருகே தொழில் செய்பவருக்கு அவ்வளவு விரைவில் ஈடாகாது.

நீருக்குள் சுழலும் உந்து விசிறியையும் கவனிக்க வேண்டும். கனமான படகை மெதுவாகத் தள்ளுவதற்கு விட்டம் பெரிதாகவும், ஒரு சுற்றில் முன்னேறும் தூரம் குறைவாகவும் உள்ள விசிறி ஏற்றது. வழக்கமான சுமையுடன் முழு விசை கொடுத்தபோது, எஞ்சின் அதன் குறிப்பேட்டிற் சொல்லிய சுழற்சியை எட்ட வேண்டும். எட்டாவிடில் விசிறி எஞ்சினுக்குப் பளுவாகிறது. மீறினால் விசிறி போதாது. இதழ் நெளிந்த விசிறியும், பாசியும் சிப்பியும் படிந்த அடிப்பாகமும் நாள்தோறும் எரிபொருளைத் திருடுபவை.

பங்கில் விழும் சுமை

கடலோர ஊர்கள் பலவற்றில், எரிபொருள், ஐஸ், உணவு ஆகிய செலவுகளைக் கழித்த பின்னரே மீன் விற்ற பணம் பங்கு பிரிக்கப்படுகிறது. படகு, எஞ்சின், வலைக்கென ஒரு பகுதி போக, எஞ்சியது கடலுக்குச் சென்றோருக்கு. ஆகவே வீணாக எரியும் ஒவ்வொரு லிட்டரும் எஞ்சின் இல்லாத தொழிலாளியின் பங்கிலிருந்தும் குறைகிறது. மீன் குறைந்த நாளில் எரிபொருட் கடன் மட்டும் மிஞ்சுகிறது. அக்கடன், பிடித்த மீனைக் கடன் கொடுத்தவருக்கே விற்கும் கட்டாயமாக மாறுகிறது.

விரைந்து வருவதில் பயன் உண்டா என்பதையும் ஏலத்தைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். வியாபாரிகள் ஒரு நேரத்திற்குப் பின் கரையை விட்டுச் சென்றுவிடுவாராயின், அதற்குள் வந்து சேர்வது விலையைக் காக்கும். அவ்வாறின்றிப் பக்கத்துப் படகுக்கு முன்னே வரவேண்டும் என்னும் ஆசைக்காக மட்டும் விசையைத் திறப்பது வீண். ஒருவர் 10 குதிரைத்திறனிலிருந்து 25-க்கு மாறினால் அடுத்தவரும் மாறுகிறார். சில பருவங்களில் ஊர் முழுதும் மாறிவிடுகிறது. முந்திச் செல்லும் நன்மை எவருக்கும் நிலைப்பதில்லை. செலவு மட்டும் எல்லோருக்கும் நிலைக்கிறது. கடலில் உள்ள மீன் குதிரைத்திறனைக் கண்டு பெருகுவதில்லை.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

1. கூட்டுறவுச் சங்கத்துடன் சேர்ந்து, சில படகுகளின் எரிபொருட் செலவை மூன்று மாதம் குறித்து வரச் செய்யலாம். தொட்டியை நிரப்பிப் புறப்பட்டு, ஜி.பி.எஸ். கருவியால் தூரத்தையும் வேகத்தையும் குறித்து, திரும்பியதும் மீண்டும் நிரப்ப ஆன லிட்டரை எழுதினாற் போதும். ஒரே படகை இரண்டு வேகங்களில் ஓட்டிப் பார்த்தால் மேற்கூறிய கணக்கை ஊரார் தாமே காண்பர்.

2. எஞ்சின் வாங்கக் கடனோ மானியமோ நாடுவோருக்கு, படகின் நீளம், சுமை, செல்லும் தூரம் ஆகியவற்றை ஒட்டிய குதிரைத்திறனையே பரிந்துரைக்கலாம்.

3. ஒரே துறையிலிருந்து ஒரே தொழில் செய்யும் படகுகள் எஞ்சின் அளவில் ஓர் உச்ச வரம்பை ஊர்க்கூட்டத்தில் ஒப்புக்கொள்ளுமாறு செய்யலாம். தனி ஒருவரால் இது இயலாது. ஊர் கூடினால் இயலும்.

4. எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு என்னும் முறையை இளைஞருக்குக் கற்பிக்கலாம். துடுப்போ பாயோ படகில் எப்போதும் இருத்தல் வேண்டும்.

1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், சிறு மீன்பிடி படகுகளின் எரிபொருட் செலவைக் குறைக்கும் வழிகளை 1986-லேயே வெளியிட்டது. அறிவு நம்மிடம் நெடுநாளாக உண்டு. அதைக் கரையில் நடைமுறைப்படுத்துவதே எஞ்சிய பணி. இரு மாடு இழுக்கும் வண்டிக்கு உழவர் நான்கு மாடு பூட்டுவதில்லை. பூட்டிய மாட்டை வழியெல்லாம் அடித்து ஓட்டுவதுமில்லை. கடலிலும் அவ்வறிவையே கையாள்வோமாக. வேலைக்கேற்ற வலிமையைத் தேர்ந்து, தூரத்திற்கேற்ற வேகத்தில் செலுத்தினால், புகையாகப் போகும் பணம் வீட்டிற்கு வந்து சேரும்.